சிடுமூஞ்சிக்குப் பெண்பால் உண்டா?

பச்சை நிறம், அடர்ந்த ஒற்றைப் புருவம். குப்பைத் தொட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, வந்தவர்களை எல்லாம் "போ போ" என்று விரட்டுகிற அந்தப் பொம்மையை உலகம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொஞ்சிக்கொண்டிருக்கிறது. பெயர் ஆஸ்கர். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் கல்வித் தொடரில், 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சியிலேயே வந்துவிட்டவன். முதல் ஆண்டு ஆரஞ்சு நிறத்தில் இருந்தான், அடுத்த ஆண்டு பச்சையானான். குப்பை பிடிக்கும், அழுக்கு பிடிக்கும். யாராவது சந்தோஷமாக வந்து காலை வணக்கம் சொன்னால் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று கேட்டால் காரணம் கிடையாது. அவனுக்கு யாரும் துரோகம் செய்யவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. சிடுமூஞ்சியாக இருக்கிறான், அவ்வளவுதான்.

இப்படி ஒருவனைக் குழந்தைகள் நடுவே உட்காரவைத்ததில் ஒரு நோக்கம் இருந்தது. பள்ளிக்குப் போகும் முன்னான வயதுக் குழந்தைகளுக்கு, அதிலும் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு, எழுத்தும் எண்ணும் சொல்லித்தர எடுக்கப்பட்ட தொடர் அது. கூடவே இன்னொன்றையும் சொல்லித்தந்தார்கள். ஒரு தெரு என்றால் எல்லா விதமான ஆட்களும் இருப்பார்கள், ஒருவன் எந்நேரமும் எரிந்து விழுவான், அவனும் இந்தத் தெருக்காரன்தான். திருந்தினால்தான் இங்கே இடம் என்று அவனிடம் யாரும் நிபந்தனை போடுவதில்லை. மறுநாளும் வந்து தொட்டியைத் தட்டுகிறார்கள். இந்தப் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் குறைவு. என் சண்டை வேறு. இந்தச் சலுகை ஏன் ஆண் பொம்மைக்கு மட்டும்?

எண்ணிப் பார்த்துவிடலாம். அந்தத் தெருவின் புகழ்பெற்ற பொம்மைகள்: பிக் பேர்ட், எர்னி, பெர்ட், குக்கி மான்ஸ்டர், குரோவர், ஆஸ்கர். அத்தனையும் ஆண்பால். பெருந்தீனிக்காரன் உண்டு, முசுடு உண்டு, அசடு உண்டு. ஆணாக இருந்தால் எந்தக் குணமும் ஒரு குணம். பெண் பொம்மை என்று வந்த பிரெய்ரி டான் எப்படி இருந்தாள் தெரியுமா? படிய வாரிய தலைமுடி, ஒழுங்கான உடை, பியானோ வாசிப்பு, மற்றவர்களை வரிசையில் நிறுத்தி நாடகம் போடும் பொறுப்பு. அவளுக்கு உயிர் கொடுத்த ஃபிரான் பிரில் 1970-இல் அங்கே சேர்ந்தவர். ஜிம் ஹென்சனின் பொம்மலாட்டக் குழுவில் அந்தத் தொடருக்காகச் சேர்ந்த முதல் பெண் அவர்தான். அதே தெருவில் மனிதப் பாத்திரமாக வந்த சூசனைத் தொடக்கத்தில் வீட்டோடு இருக்கும் மனைவியாகக் காட்டினார்கள். அமெரிக்கப் பெண்ணியவாதிகள் விடவில்லை, சண்டை போட்டார்கள். சூசனுக்குச் செவிலியர் வேலை கிடைத்தது. நல்லது. வேலை வாங்கிக் கொடுத்த நாம் எரிச்சலை வாங்கிக் கொடுக்க மறந்துவிட்டோம்.

பெண் சிடுமூஞ்சி ஒருத்தி பிறகு வந்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன். பெயர் கிரண்ட்கெட்டா. அவள் யார்? ஆஸ்கரின் காதலி. சிடுசிடுப்பிலும் அவளுக்குத் தனிக் குடித்தனம் கிடையாது.

இந்த இடத்தில் யாராவது மிஸ் பிக்கியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கோபக்காரப் பன்றிப்பெண், ஒரே அடியில் ஆளைப் பறக்கவிடுபவள், 2015-இல் புரூக்ளின் அருங்காட்சியகத்தின் பெண்ணியக் கலை மையத்தில் விருதே வாங்கியவள். எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆனால் அவள் பேர் வாங்கியது பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் கேளிக்கை நிகழ்ச்சியில். எழுத்துப் பழகும் குழந்தையின் தெருவில் அல்ல. அவள் கோபத்தில் பாதி, தவளைக்காதலன் தன்னைக் கவனிக்கவில்லை என்பதற்கு. அவளை உருவாக்கி வளர்த்த குரலும் கையும் ஃபிராங்க் ஆஸ் என்ற ஆணுடையவை. காரணமே இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், சும்மா எரிந்து விழுகிற ஒரு பெண் பொம்மையைத்தான் நான் தேடுகிறேன்.

2006-இல் அந்தத் தெரு இந்தியாவுக்கு வந்தது, 'கலி கலி சிம் சிம்' என்று இந்தியில். போகோவிலும் கார்ட்டூன் நெட்வொர்க்கிலும் தொடங்கி, தூர்தர்ஷனுக்கும் போனது. அதன் நாயகி சம்கி, ஐந்து வயதுப் பெண் பொம்மை. பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை, ஓயாத ஆர்வம், சிரிப்பு. பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் யோசிக்கிற நாட்டில், பள்ளிச் சீருடை போட்ட பெண் பொம்மையை நடுநாயகமாக வைத்தது சாதாரண விஷயமில்லை. எகிப்துத் தொடரின் கோக்காவும், 2016-இல் ஆப்கானிஸ்தான் தொடருக்கு வந்த ஜாரியும் அதே வேலையைச் செய்தவர்கள். இதற்காகச் சண்டை போட்ட பெண்களுக்கு என் வணக்கம். அதே கலியில் ஒரு சிடுமூஞ்சியும் உண்டு. பெயர் கடூசா; சிடுசிடுப்பைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆண் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆக, கணக்கு இப்படி முடிகிறது. சம்கி தன் இடத்தைச் சிரித்துச் சம்பாதிக்கிறாள். கடூசாவுக்கு அது பிறந்தபோதே எழுதிக்கொடுத்த பட்டா நிலம்.

நாங்கள் கிணத்துக்கடவில் இந்தி பார்த்து வளரவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோரா கிடைத்தாள். அவளும் ஒரு சம்கிதான். பாலமும் ஆறும் காடும் கடந்து ஒரு நாள்கூடக் கால் வலிக்கிறது என்று உட்காராத பெண். பாலத்துக்கடியில் உட்கார்ந்து புதிர் போட்டு வழியை மறிக்கிற சிடுசிடுப்புக் கிழவன் அங்கேயும் ஆண்தான். அது பொம்மையல்ல, வரைபடம். இருந்தாலும் அச்சு அதே அச்சு.

வெளிநாட்டுச் சரக்கை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்கப் போவதில்லை. நம் தோல்பாவைக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்கு வந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஏடாகூடமாகப் பேசுவார்கள், ராமாயணத்துக்கு நடுவே புகுந்து வம்பு வளர்ப்பார்கள், எல்லாவற்றுக்கும் முகம் சுளிப்பார்கள். நமக்குச் செல்லம். அதே திரையில் நல்லதங்காள் கதை நடக்கும்போது கடுகடுப்பான ஒரு பெண் வருவாள், அண்ணி மூளி அலங்காரி. பசியோடு வந்த நாத்தனாரையும் ஏழு பிள்ளைகளையும் விரட்டுகிறவள். ஏழு பிள்ளைகளும் தாயும் கிணற்றில் போய் முடிகிற பழி முழுக்க அவள் முகச்சுளிப்பின் மேல். ஆண் சிடுசிடுத்தால் கூத்து, பெண் சிடுசிடுத்தால் குடி கெட்டது. நம் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே இந்தப் பாடம் நடந்து முடிந்துவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் பாலக்காடு. அந்தப் பக்கம் பத்ரகாளி கோயில் கூத்துமாடங்களில் நிழல்பாவைக்கூத்து நடக்கும், அதுவும் நம் கம்பன் பாட்டை வைத்து. காளி தாரிகனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லையாம். அவள் பார்ப்பதற்காகவே இந்தக் கூத்து என்று ஐதிகம். உக்கிரமான ஒரு பெண்ணுக்காக ஆண்கள் பரம்பரை பரம்பரையாகப் பாவையாட்டினார்கள். பாவையின் கோல் மட்டும் பெண் கைக்கு வரவில்லை. இப்போதுதான், ரஜிதா என்ற இளம் பெண் சில ஆண்டுகளுக்கு முன் பெண்களை மட்டுமே சேர்த்துக் குழு அமைத்துப் பாவையாட்டத் தொடங்கியிருக்கிறார். கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் முகம்தான் திரைக்கு வரும் என்பதால் இதை இங்கே சொல்கிறேன்.

காளி என்றதும் சிலர் கேட்பார்கள்: நம்மிடம் இல்லாத கோபக்காரப் பெண்களா? கண்ணகி மதுரையை எரிக்கவில்லையா? ஆனைமலையில் மாசாணியம்மன் இல்லையா? இருக்கிறார்கள். மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசி நியாயம் கேட்கிற பெண்களை நான் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். ஆனால் கவனியுங்கள், இந்தக் கோபங்களுக்கெல்லாம் விலை கட்டியாகிவிட்டது. புருஷன் கொலையுண்ட பிறகு கண்ணகி கோபப்படலாம். அநியாயமாகச் செத்த பிறகு ஒருத்தி தெய்வமாகி உக்கிரம் காட்டலாம். பெண்ணின் கோபத்துக்கு முன்பணமாக ஒரு பிணம் வேண்டும் இந்த நாட்டில். காலையில் எழுந்ததும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள எந்தக் காவியமும் அவளுக்கு அனுமதி தரவில்லை. தெய்வத்துக்குக் கொடுத்ததை ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. நான் கேட்பது பெரிய கோபத்தை அல்ல, சின்ன எரிச்சலை.

கொங்குச் சீமையில் இதை நன்றாகவே பார்க்கலாம். கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர். திரை முழுக்க எரிந்து விழுவார், எட்டி உதைப்பார், வாயைத் திறந்தால் வசவு. நாம் நாற்பது ஆண்டுகளாகச் சிரிக்கிறோம், வீட்டில் அவர் வசனத்தைப் பேசிக்காட்டுகிற பையனைத் தூக்கிக் கொஞ்சுகிறோம். கோவை சரளாவும் இந்த மண்ணின் குரல்தான், அவர் திறமை யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அவர் கோபப்பட எழுதிவைத்த காட்சிகள் பெரும்பாலும் புருஷனிடம் கத்துகிற பெண்டாட்டியின் காட்சிகள். கவுண்டமணியோடு சேர்ந்து உலகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம், சரளாவைப் பார்த்துச் சிரிக்கிறோம். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை.

சரி, பொம்மைக்கு வருகிறேன். 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது எங்கள் தெருவில் மாலை வகுப்பு எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பழைய காலுறையில் கை விட்டு, பொத்தானைக் கண்ணாகத் தைத்து ஒரு பொம்மை செய்தேன். கம்பளி நூலில் புருவம் வைக்கும்போது கை கொஞ்சம் இழுத்துக்கொண்டது, முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. பிரிக்காமல் அப்படியே கொண்டுபோனேன். பிள்ளைகள் வரிசையாக வந்து கையில் மாட்டிப் பேசினார்கள். பையன்கள் எடுத்ததும் அது உறுமியது. பெண் பிள்ளைகளில் முதல் இரண்டு பேர் கையில் அதே கடுகடு முகம் "எல்லாரும் நல்லாப் படிக்கணும், சரியா?" என்று டீச்சர் குரலில் கொஞ்சியது. மூன்றாவதாக வந்தவளுக்கு ஏழு வயது. வகுப்பில் வாயே திறக்காதவள். பொம்மையை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு பொம்மை சொன்னது: "எனக்கு யாரையும் புடிக்கல. தம்பியத் தூக்கமாட்டேன். சொம்பு கொண்டாரமாட்டேன். எல்லாரும் போங்க." பிள்ளைகள் ஆரவாரம் செய்துவிட்டார்கள். மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார்கள். அவளும் சொன்னாள், ஒவ்வொரு முறையும் பட்டியல் நீண்டது.

மறுநாள் அவள் அம்மா வந்தார். தோட்ட வேலை முடித்து, தக்காளிக் கறை கையோடு. சண்டைக்கு வரவில்லை, பயந்துபோய் வந்திருந்தார். "ஏனுங் டீச்சர், இப்படியெல்லாம் பேசிப் பழகுனா நாளைக்கு ஊட்டுலயும் இப்படித்தானுங்களே பேசுவா? போற எடத்துல யாருங்க இத ஏத்துக்குவாங்க? பொட்டப்புள்ளை சிரிச்ச மொகமா இருந்தாத்தானுங்க பொழைக்க முடியும்." ஏழு வயதுக்காரிக்குப் 'போகிற இடம்' இப்போதே தயார். அதே நாள் அதே பொம்மையை வைத்து, பாயில் உட்கார்ந்தபடி எல்லோரையும் வெளியே போகச் சொன்ன பையனின் பாட்டியும் வாசலில்தான் இருந்தார். பேரன் உறுமியதைக் கேட்டு அவருக்கு வாயெல்லாம் பல். "அப்படியே அவுங்கப்பாரு மாதிரியே" என்றார். பேரனுக்கு வந்தது குலப்பெருமை, அவளுக்கு வந்தது எதிர்காலக் கவலை.

அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது அவர் வாழ்ந்து பார்த்த உண்மை. பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்கிற முதல் நற்சான்று "சிரிச்ச மொகம்". ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கும் சிரிப்பு சீருடையின் பகுதி. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. எவ்வளவு காலம் கால் கடுக்க நின்றபடி சிரித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து நம் பக்கத்துப் பஞ்சாலைகள் சின்னப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதியோடு வேலைக்கு எடுத்ததும், எதிர்த்துப் பேசத் தெரியாது என்பதை நம்பித்தான். முகம் சுளிக்காத பெண் பிள்ளையை வளர்த்துக்கொடுப்பது நம் வீடுகள் காலங்காலமாக இலவசமாகச் செய்துவரும் தொழிற்பயிற்சி.

இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்குவது இன்னொன்று. இப்போது பள்ளிகளில் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகுப்பு நடக்கிறது. படம் காட்டுகிறார்கள், சில இடங்களில் பொம்மையும் காட்டுகிறார்கள். பிடிக்காதபடி யாராவது தொட்டால் "வேண்டாம்" என்று கத்து, ஓடு, பெரியவர்களிடம் சொல், 1098-க்குக் கூப்பிடு. வகுப்பு முடிந்து பிள்ளை வீட்டுக்கு வருகிறாள். மாமா வந்திருக்கிறார், போய் மடியில் உட்கார். முடியாதா? ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய்? மரியாதை தெரியாதா? வருடத்தில் ஒரு மணி நேரம் "வேண்டாம்" பழக்கம், மற்ற நாளெல்லாம் அதை மறக்கடிக்கும் பழக்கம். நாக்குக்குப் பழகாத சொல் அவசரத்துக்கு எப்படி வரும்? தம்பியைத் தூக்கமாட்டேன் என்று சொல்ல அனுமதி இல்லாதவள், அதைவிடப் பெரிய "மாட்டேன்"-ஐ எங்கே போய்ப் பழகுவாள்?

பொள்ளாச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். 2019-இல் அந்த வழக்கு வெளியே வந்தபோது எங்கள் பேருந்து நிறுத்தத்தில், மருந்துக்கடையில், கல்யாண வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். செய்தவர்களைப் பற்றிப் பேசியதைவிட "இந்தப் புள்ளைங்க ஏன் போச்சுங்க" என்று பேசியதே அதிகம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குற்றம் செய்தவர்களுடையது. ஒரு பெண்ணின் முகம் எப்படி இருந்தது, அவள் "மாட்டேன்" என்றாளா இல்லையா என்பதில் அந்தக் குற்றத்தின் கடுகளவும் இல்லை. நான் பேசுவது அதற்குப் பிறகு நடந்ததை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். அந்தப் பெண்கள் ஆறு ஆண்டுகள் ஊர் வாயைத் தாண்டி அசையாமல் நின்றார்கள். நல்ல பிள்ளை என்று பேர் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அப்படி நின்றிருக்க முடியாது. அவர்களிடம் இருந்ததற்குப் பெயர் பிடிவாதம். பெண் பிள்ளைகளிடம் நாம் ஐந்து வயதிலேயே உடைக்கப் பார்க்கிற அதே பிடிவாதம்.

பொம்மைக்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஏற்றலாம். பொம்மை என்பது குழந்தைக்கு ஒரு மறைப்பு. தான் சொல்ல முடியாததைக் கையில் மாட்டிய துணி சொல்லும், அடி விழுந்தால் துணிக்கு விழும். அதனால்தான் ஆசிரியர்களுக்குப் பொம்மலாட்டப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த மறைப்புக்குள்ளும் பெண் குழந்தைக்குச் சிரித்த முகத்தையே தைத்துக் கொடுத்தால் அவள் வேறு எங்கே ஒளிவாள்?

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி தமிழ்நாட்டு அரசுடையது, நம் வரிப்பணம். அங்கே நிகழ்ச்சி எழுதுகிறவர்களுக்கும், பொம்மை செய்கிற தோழிகளுக்கும், கல்லூரியில் ஊடகம் படிக்கிற பெண்களுக்கும் என் கோரிக்கை ஒன்று. ஒரு பெண் சிடுமூஞ்சியைச் செய்யுங்கள். அவளுக்குச் சோகமான முன்கதை வைக்காதீர்கள், அம்மா செத்ததால் இப்படி ஆனாள் என்று எழுதிவிடாதீர்கள். பதின்மூன்றாவது நிகழ்ச்சியில் அவளைத் திருத்திப் பூ வைத்துச் சிரிக்க வைக்காதீர்கள். அவள் உள்ளுக்குள் தங்கமானவள் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். கோலை ஒரு பெண் பிடிக்கட்டும், குரலை ஒரு பெண் கொடுக்கட்டும்.

இடமும் நானே சொல்கிறேன். எங்கள் பக்கம் தென்னந்தோப்புகளில் பாழடைந்த மோட்டார் ரூம்கள் நிறைய உண்டு. கிணறு வற்றி, மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோன பிறகு நிற்கிற ஒற்றை அறைகள். அவள் அங்கே இருக்கட்டும். வயது ஐந்து. சடை பின்னவிடமாட்டாள். தேங்காய் மட்டை, துருப்பிடித்த வால்வு, உடைந்த மண்சட்டி எல்லாம் சேர்த்து வைத்திருப்பாள், யாருக்கும் தரமாட்டாள். நூறு வரை எண்ணத் தெரியும், ஆனால் யாராவது எண்ணிக்காட்டச் சொன்னால் எண்ணமாட்டாள். காலையில் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டுவார்கள். "என்ன?" என்பாள். விளையாட வருகிறாயா என்பார்கள். "வரல, போ" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அவர்களும் "சரி, நாளைக்கு வரோம்" என்று போய்விடுவார்கள். மறுநாள் வருவார்கள்.